வலது காலின் அவசரம்

கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டம் போகும் பஸ். முன் சீட்டில் ஒரு பெண் குரல் கெஞ்சியது.

“அண்ணாச்சி, இந்த மாவுக்கட்டை இன்னைக்குப் பிரிக்காண்டாம்.”

கட்டுப் பிரிக்கப் போகிறவரிடம் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் மடியில் மிருதங்கப் பை. பக்கத்தில் புல்லாங்குழல் பையோடு ஐம்பது தாண்டிய ஒருவர். வலது பாதம் முழுக்க மாவுக்கட்டு.

“என்ன மக்களே சொல்லுத? பிரிக்கத்தானே டாக்டர் வரச் சொன்னாரு?”

“சனிக்கிழமை கச்சேரி கழியட்டும். நாலு நாள்தானே?”

“அதுக்கும் கட்டுக்கும் என்ன?”

“கோவப்படாதீங்க. ஒங்க வலது கால் தாளம் போட ஆரம்பிச்சா ஓடும். யாராவது கை தட்டினா இன்னும் ஓடும். நான் பொறத்தால ஓடி ஓடி விரலு வீங்கிரும். நேத்து ஒத்திகையில ஒரு இடத்துலயும் நீங்க ஓடல்ல, கேட்டோ.”

அவர் குனிந்து மாவுக்கட்டைப் பார்த்தார்.

“காலை அசைக்க முடியல்ல. வேற வழியில்லாம மூச்சுக்குள்ளயே எண்ணிக்கிட்டு ஊதுனேன்.”

“தாளம் அங்கேயே இருக்கட்டும் அண்ணாச்சி.”

“எனக்கும் சொகமாத்தான் இருந்துது.”

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

பஸ் கிளம்பியதும் சந்தோஷமாக ஏதோ முணுமுணுத்தார். இடது கால் தட்ட ஆரம்பித்தது. அவள் மிருதங்கப் பையைத் தூக்கி அந்தக் கால்மேல் வைத்தாள்.