குளவிக்குக் கட்டுற துணி

பதுளையிலிருந்து பண்டாரவளை போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவும், கொழும்பில் வேலை செய்து லீவில் வந்திருந்த அவள் தம்பியும்.

“ஒரே எடத்துல நாப்பது தடவ செத்தேன்க்கா,” என்றான் தம்பி. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்த வீடியோ கேம சொல்றியா?”

“ஆமா. பெரிய கஷ்டம்னு சும்மா பயங்காட்டுறாங்க. அப்படி ஒண்ணும் இல்ல. முன்னாடி வெளயாடிச் செத்தவங்க, ‘இங்க பாத்துப் போ’ன்னு தரையில எழுதி வச்சிருப்பாங்க.”

“குளவிக்கூடு இருக்கிற செடியில நாங்க துணி கட்டி விடுவோமே, அது மாதிரியா?”

“அதேதான்.”

“யாரு எழுதுறது?”

“தெரியாது. எங்கயோ இருக்கிறவங்க. நானும் ஒண்ணு எழுதியிருக்கேன்.”

“நீ அந்த எடத்தத் தாண்டிட்டியா?”

“எப்பவோ. ஆனா வேல முடிஞ்சு ரூமுக்கு வந்தா, தெனம் அங்க திரும்பிப் போய் நிப்பேன். நா எழுதினத யாராவது பாத்தாங்களான்னு.”

பஸ் தெமோதரையைத் தாண்டும்போது அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

“கொழுந்து பறிக்கப் போனாலும் எனக்கு போன் இடுப்புலதான் இருக்கு,” என்றாள். “எனக்கு ஒரு கோல் எடுக்கலாமேடா.”