தேறாத டிஸ்க்

புதிது என்பதற்காக எந்த ஹார்ட் டிஸ்க்கையும் நான் நம்புவதில்லை, சார். டப்பாவைப் பிரித்த கையோடு சர்வரில் மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முதலில் முழுச் சோதனை ஓட்டிவிடுவேன். டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனை அது. பொறுமை வேண்டும்.

காலாப்பட்டு தாண்டியிருக்கும் எங்கள் இறால் கம்பெனியில் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் என் பொறுப்பு. கேமராப் பதிவுகள் இருந்த டிஸ்க் பழசாகிவிட்டது, புதியது வேண்டும் என்று விபத்துக்கு முன்பே கேட்டிருந்தேன். வந்து சேர்ந்தது விபத்துக்கு மறுநாள். அதற்கு நான் என்ன செய்ய?

விபத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். குளிரூட்டும் குழாயில் அம்மோனியா கசிந்தது. இறால் உரிக்கும் பெண்கள் முன்வாசல் வழியாக ஓடித் தப்பினார்கள். பின்கதவு ஓரமாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த ஆயம்மா மட்டும் தப்பவில்லை. அந்தக் கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவிகள் வாட்ச்மேன் மண்ணாங்கட்டியிடம் இருப்பது வழக்கம் என்பதால் நீங்கள் அவரைக் கைதுசெய்து கூட்டிப்போனீர்கள். கேமராப் பதிவு கேட்டு ஆள் அனுப்பினீர்கள். சர்வரில் வேலை நடக்கிறது, முடிந்ததும் தருகிறேன் என்றேன்.

வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. புது டிஸ்க் சோதனையில் ஓடிக்கொண்டிருந்தபோது ஆயம்மாவின் மகள் அஞ்சலாட்சி என் அறைக்கு வந்தாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"அண்ணா, யாரு பூட்னதுன்னு கேமராவுல இருக்கும்ல?"

"இருக்கும்மா."

"போலீசு எடுத்துனு போற வரைக்கும் அத பத்தரமா வச்சிருங்கண்ணா. மண்ணாங்கட்டி மாமா பூட்டல. எனக்குத் தெரியும்."

"கவலப்படாத. அதுக்குத்தான் புது டிஸ்க்கே வந்திருக்கு."

கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மாலையில் சோதனை முடிந்தது. டிஸ்க் தேறவில்லை. எழுதியதைத் திருப்பித் தராத இடங்கள் நிறைய. சோதனை ஓட ஓட அவை பெருகின. இப்படிப்பட்ட டிஸ்க்கைக் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் அதைச் சர்வரில் மாட்டினேன். பழையதிலிருந்த பதிவுகளை எல்லாம் அதற்கு மாற்றினேன். பிறகு பழையதை முழுக்க அழித்தேன்; கழற்றிய டிஸ்க்கை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. வாரம் முடிவதற்குள் புதியது செத்துப்போனது. உங்கள் ஆய்வகத்தாலும் அதிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை.

அதில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். மேனேஜர் ஜானகிராமன் நேற்று உங்களிடம் வாய் திறந்துவிட்டார், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெண்கள் வேலை நேரத்தில் பின்கதவு வழியாக வெளியே போய் போன் பேசுகிறார்கள் என்று அவரிடம் சொன்னவன் நான். "பூட்டிட்டு சாவிய நீயே வச்சிக்க, குமாரவேலு" என்றார். பூட்டினேன். சொன்னதைச் செய்து பழகியவன்.

கசிவு வந்ததும் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அந்தக் கதவுக்குத்தான் போனேன். உள்ளே யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். சாவி சட்டைப்பையில் இருந்தது. வாடை கண்ணை எரித்தது. திறந்தால், பூட்டியது நான் என்று தெரிந்துவிடுமே என்றும் தோன்றியது. கை எழவில்லை. தட்டும் சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றேன். கேமரா என் தலைக்கு மேலே இருந்தது.

போன வாரம் கோர்ட்டு வாசலில் மண்ணாங்கட்டியின் மனைவி சுலோசனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது எதனா பண்ணுங்க தம்பி, அவுரு ஜெயில்ல சரியாவே சாப்டறதில்ல" என்றாள். நான் என்ன செய்ய முடியும்? பதிவு இல்லாமல் அவர் சொல்வதை யார் நம்புவார்கள்? அதையேதான் அவளிடமும் சொன்னேன்.

ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அந்த டிஸ்க் சோதனையில் தேறியிருந்தால், பதிவை நானே கொண்டுவந்து உங்கள் மேஜைமேல் வைத்திருப்பேன்.