ஐஸ் மெஷின் சுருதி

— சாயந்திரம் அந்தப் பியானோக்காரர் வண்டி வந்து நிக்கும். நீ ஏறிப் போயிடுவே. போகட்டும். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ மச்சான். நேத்து சுருதி சேராமப் போனதுக்குப் பியானோதானே தப்பு? அவ்வளவு பெரிய பொட்டி, எங்கயாவது ஒரு மூலையில இளகியிருக்கும்ங்கறேன்.

— இல்ல மாமா... பியானோ சரியாத்தான் இருந்துச்சு.

— அப்போ நாங்க தப்பா? நானும் உங்க அக்காவும்?

— ஏங்க, அவன் மேல ஏன் பாயறீங்க? நேத்து ஹால்ல நானும்தானே இருந்தேன். பாவம், அந்த மனுஷன் நாம வாசிக்கிறதைக் கேட்டு ஆசைப்பட்டு, ஒரு பாட்டுக்கு மட்டும் சேர்ந்துக்கறேன்னு வந்து உக்காந்தாரு. கை வெச்சதுதான் தாமதம், தகர ஷீட்டைத் தரையில இழுத்த மாதிரி ஆயிடுச்சு. முன்வரிசையில ஒருத்தர் காதைப் பொத்திக்கிட்டாரு.

— வந்து உக்காந்ததே தப்புங்கறேன். நம்மளுது ஜாஸுன்னாலும் சின்ன ஜாஸ். மைக் கிடையாது, ட்ரம்ஸ் கிடையாது. பெரிய வயலின் மாதிரி, ஆள் உசரத்துக்கு ஒத்தைக் கால்ல நிக்கிற என் பாஸ், மடியில உன் கிட்டார், இவன் ஊதற கிளாரினெட். ஒருத்தர் மெட்டைத் தூக்கிட்டு மனசு போன போக்கில போறப்ப, மத்த ரெண்டு பேரும் கீழ பாய் விரிச்சு வெச்சிருக்கணும். எப்ப வேணா வந்து விழலாம். அதுக்கு நடுவுல அவர் கட்டிலைக் கொண்டாந்து போட்டா?

— அப்புறம் அவர் என்ன சொன்னாருன்னு கேட்டீங்களா மாமா?

— எனக்குத்தான் காது கிடையாதே. நீயே சொல்லு.

— "நீங்க மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் அப்படிச் சேர்ந்திருக்கீங்க. உலகத்துல வேற யாரோடயும்தான் சேரல. அரைச் சுரத்துல பாதி கீழ இருக்கீங்க"ன்னாரு.

— கீழயாம். ஐஸ் பாளம் இழுத்து இழுத்து என் தோள்பட்டை கீழ இறங்கியிருக்கு, ஒத்துக்கறேன். சுருதி எப்படி இறங்கும்?

— இல்ல மாமா... இப்ப கேளுங்க. நம்ம பின்னாடி.

— என்ன பின்னாடி? கம்ப்ரஸர் ஓடுது. தொட்டியில தண்ணி உறையுது. எந்நேரமும் ஓடறதுதான். கேட்டுக் கேட்டு எனக்குக் காதுலயே விழறதில்ல.

— உங்க பாஸ் கம்பியை எதோட வெச்சுச் சேர்ப்பீங்க?

— இதோட 'ம்ம்ம்'முக்குத்தான். வேற எதோட? நானும் உங்க அக்காவும் ஆரம்பிச்சப்ப வீட்டுல கால் நீட்ட இடமில்ல. பாஸை வெச்சா ஆள் வெளிய நிக்கணும், ஆள் உள்ள வந்தா பாஸ் வெளிய நிக்கணும். ஐஸ் கம்பெனி முதலாளிதான், ஷிப்ட் முடிஞ்சா மெஷின் ரூம்ல உக்காந்து வாசிச்சுக்கோன்னாரு. வந்து உக்காந்தா இது விடாம ஒரே சுரத்துல முனகுது. சேராம வாசிச்சா பல்லு கூசிச்சு. மெஷின்கிட்ட போய் ஏறுன்னா ஏறுமா? நாங்க அதோட சேர்ந்துட்டோம்.

— அந்தச் சுரம்தான் மாமா கீழ இருக்கு.

— இரு இரு. அப்போ இத்தனை வருஷமா ஒரு ஐஸ் மெஷினா நமக்குச் சுருதிப் பெட்டி?

— சிரிக்காதே.

— சிரிக்கலைங்க. அழுகை வந்தாலும் என் மூஞ்சி இப்படித்தான் இருக்கும். இஸ்திரி போடறப்ப எனக்கு இந்த 'ம்ம்ம்' காதுல ஓடிட்டே இருக்கும். சட்டைக் காலரைத் திருப்பறப்ப அது மேல ஒரு மெட்டு தானா ஏறும். பறக்கற மாதிரி கனவு வருதுன்னு சொல்வேனே, அதுலயும் ரொம்பக் கீழ, கடல் மாதிரி இதுதான் ஓடுது.

— பாளத்தைக் கொக்கி போட்டு இழுக்கறப்ப, உள்ள நூல் நூலா வெள்ளையாத் தெரியும் பார்த்திருக்கியா? காத்து உறைஞ்சு போனது. நான் அதை, யாரோ வாசிச்ச மெட்டு தண்ணியில மாட்டிக்கிட்டுதுன்னு நினைச்சுப்பேன். வெயில்ல உடையறப்ப 'டிக்'குனு ஒரு சத்தம் வரும். வெளிய வந்துடுச்சுன்னு நினைச்சுப்பேன்.

— இதை என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே நீங்க?

— சொன்னா உன் மூஞ்சி இப்படி ஆகும்.

— இன்னைக்குப் பனி ரொம்ப அதிகம் மாமா. முட்டிக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. கால் இருக்கா இல்லையான்னு தொட்டுப் பார்த்தேன்.

— தொட்டி மூடியைத் திறந்து வெச்சிருக்காங்க. மெஷின் ஓடற வரைக்கும் இப்படித்தான் நிக்கும். மேகத்து மேல நாற்காலி போட்ட மாதிரி.

— மேகம் இருக்கட்டும், பாஸைக் கையில பிடிங்க. கீழ ஈரம்.

— இது எங்கயும் போகாது. ஒரு காலத்துல பாட்டு முடியறதுக்குள்ள வழுக்கிட்டுப் போய்ச் சுவத்துல முட்டும், நான் நாற்காலியோட பின்னாடியே போவேன். அடியில கட்டை மாட்டினதுக்கு அப்புறம் இப்பப் பாரு, நட்டு வெச்ச மரம்.

— இரு இரு. தம்பி, எனக்கு ஒண்ணு இடிக்குது. எங்களுது கம்பி. முறுக்கினா ஏறும், தளர்த்தினா இறங்கும். கிளாரினெட் மரக்குழாய் ஆச்சே. செய்யறப்பவே அதுக்கு இதுதான் சுருதின்னு முடிஞ்சு போயிருக்கும். நீ எப்படிடா எங்களோட சேர்ந்தே?

— கழுத்துத் துண்டை மாத்தினேன்க்கா.

— எது கழுத்து?

— வாய் வெக்கிற இடத்துக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு குட்டைத் துண்டு இருக்கும். அதை நீளமாக்கினா மொத்தமும் கொஞ்சம் இறங்கும். நான் வேலை பார்க்கிற பல் டாக்டர்கிட்ட பல்செட் ராவற அரம் இருக்குல்ல, சாப்பாட்டு நேரத்துல அதுலயே ராவி, ஒரு நீளத் துண்டு செஞ்சு மாட்டினேன். மிச்சத்தை உதட்டால இறக்கிப்பேன்.

— அதான் உன் உதடு எந்நேரமும் வெடிச்சுக் கிடக்கா? பனிக்காத்துன்னு நினைச்சு வெண்ணெய் தடவச் சொன்னேனே!

— தடவினேன்க்கா. வழுக்குச்சு.

— எப்பத்திலிருந்து மச்சான் இது?

— இங்க வந்த முதல் நாள்லேர்ந்து மாமா. ரெண்டு சுரம் ஊதினதுமே தெரிஞ்சு போச்சு.

— முதல் நாளே தெரியும். வாயைத் திறந்து சொல்லல.

— சொல்லத்தான் திறந்தேன். நீங்க ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டு வாசிச்சிட்டிருந்தீங்க. சுத்தியும் பனி. அக்கா முகத்துல ஒரு சிரிப்பு. தூக்கத்துல சிரிக்கிறவங்களைத் தட்டி எழுப்பி, நீங்க படுத்திருக்கிறது உங்க வீடு இல்லேன்னு சொல்ல முடியுமா மாமா? எனக்கு உள்ள வந்து படுத்துக்கலாம்னுதான் தோணுச்சு.

— ஓஹோ. பாவம்னு பார்த்திருக்கே. சின்னப் பசங்க மண்ணுல சமைச்சு வெச்சா, ஆஹா ருசின்னு சொல்ற மாதிரி.

— இல்ல மாமா...

— இல்ல மாமா, இல்ல மாமா. உன் கிளாரினெட் வேற மெட்டே வாசிக்காதா? அந்தப் பழைய துண்டு என்ன ஆச்சு? ராவித் தூளாக்கிட்டியா?

— இல்ல மாமா. இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு.

— கேட்டியா? பத்திரமா இருக்காம்! போறதுக்கு ஒரு கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் உன் தம்பி உள்ளயே வந்திருக்கான். நேத்து எனக்கு அர்த்தம் புரியல, இப்பப் புரியுது. அந்த மனுஷன் கிளாரினெட்டைக் கழட்டிப் பார்த்ததும், "இது இதோட துண்டு இல்லையே, பழசை எடுத்து மாட்டிட்டு எங்க குழுவுக்கு வந்துடு"ன்னாரு. "இந்த மாதிரித் துண்டு இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது, தொலைச்சிடாதே"ன்னு வேற சொன்னாரு. இவன் தலையை ஆட்டினான். ஆட்டினியா இல்லையா?

— ஆட்டினேன்.

— போகட்டுமேங்க. காலம் பூரா அடுத்தவன் பல்லை ராவிட்டே இருக்கணுமா? ஊர் ஊராப் போகட்டும். நாலு பேர் கேட்கட்டும். இவன் அந்த உச்சியில போய் ஒரு சுரத்தைப் பிடிச்சு நிறுத்துவானே, இங்க அதைக் கேட்க யார் இருக்கா? நாமளும் ஐஸும்.

— நான் பிடிச்சா வெச்சிருக்கேன்? போகட்டும்ங்கறேன்.

— நாமளும் வேணா கம்பியை முறுக்கி ஏத்திக்கலாம்.

— ஏத்திட்டு எங்க உக்காந்து வாசிக்கிறது? இது விடுமா? தினம் இதோட மல்லுக்கு நிக்கணும். எனக்குத் தெம்பு இல்ல. பாளம் இழுக்கறதோட சரி.

— மாமா... மெஷின் நின்னு போச்சு.

— ஷிப்ட் மாறுது. கழுவறதுக்கு ஆஃப் பண்ணியிருப்பாங்க.

— அய்யோ, எவ்வளவு அமைதி. என் மூச்சு எனக்கே கேட்குது.

— எனக்கு இன்னும் காதுல ஓடுது.

— எனக்கும் ஓடுது மாமா.

— எனக்கும்தாங்க. வாசிக்கலாமா ஒரு தடவை? போறவன் போறதுக்கு முன்னாடி.

— எதை?

— பேர் வைக்காத அந்த மெதுவான மெட்டு. நீங்க பாஸ்ல நடந்து வாங்க, நான் பின்னாடியே வரேன். தம்பி, உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா.

— சரிக்கா.

— ம். ஒண்ணு, ரெண்டு...

— ...

— ...

— நிறுத்திட்டோமா?

— அப்பவே.

— எனக்குத் தெரியவே இல்லைங்க. ஏதோ படகு கரை தட்டின மாதிரி இருந்துச்சு. எவ்வளவு நேரம் போச்சு?

— யாருக்குத் தெரியும்? மெஷினே இல்ல, மூணு பேரும் மெஷினோட சேர்ந்திருந்தோம். மச்சான், அந்தக் கடைசிச் சுத்துல நீ கீழ இறங்கி வந்தியே, நான் பாயை எங்க விரிச்சேன்னு எப்படித் தெரிஞ்சுது?

— உங்க பாய் எப்பவும் ஒரே இடத்துலதான் மாமா இருக்கும்.

— அட, பனி இறங்கிடுச்சு பாருங்க. தரை தெரியுது. என் செருப்பு இங்கயா இருக்கு!

— ஹாரன் சத்தம் கேட்குது மாமா.

— வண்டி வந்துடுச்சு போலிருக்கு. தம்பி, அழாதேடா. நான் அழறேன், நீ எதுக்கு?

— எழுந்திரு மச்சான். கோபமா ஏதாவது பேசியிருந்தா அது என் தோள்வலி பேசினதுங்கறேன். நீ இந்த ரூமுக்குள்ள அடங்கற ஆள் இல்ல, அது எனக்கும் முதல் நாளே தெரியும். எங்க அந்தப் பழைய துண்டு? பையிலயா, வீட்டுலயா?

— பையில இல்ல மாமா. இங்கதான் இருக்கு.

— இங்கன்னா?

— பாஸைக் கொஞ்சம் தூக்கணும்.

— எதுக்குத் தூக்கணும்? உன் பொருள் என் பாஸுக்குள்ளயா இருக்கு?

— தூக்க வேணாங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க. நான் குனிஞ்சு பார்த்துட்டேன்.

— என்ன பார்த்தே?

— பாஸ் காலுக்கு அடியில ஒரு மரக்கட்டை மாட்டியிருக்குல்ல... அதுல ஒரு தங்க முத்திரைங்க. பாதி தேஞ்சு போயிருக்கு. கிளாரினெட் மேல இருக்கே, அதே முத்திரை.

— மச்சான்... அன்னைக்கு நான் நாற்காலியோட கவுந்து விழுந்தப்ப, "வழியில ஒரு கட்டை கிடைச்சுது மாமா, மாட்டிவிடறேன்"ன்னு...

— மறுபடியும் ஹாரன் அடிக்கறாருங்க.

— அடிக்கட்டும். இந்தா, நான் சாய்ச்சுப் பிடிச்சுக்கறேன். உருவிக்கோ. உருவுடா! இது உன்னுது, இதை மாட்டினாத்தான் நீ அவங்களோட சேர முடியும். என்ன பார்த்துக்கிட்டே நிக்கிறே?

— அதை எடுத்துட்டா பாஸ் வழுக்கும் மாமா.