போல்ட்டு உள்ள இருக்கு அண்ணாச்சி

உக்காருங்க அண்ணாச்சி. துப்பாக்கி எங்கயும் எந்திரிச்சு ஓடிராது. ரசீது குடுத்தீங்க, ஸ்டேசன் லெட்டரும் குடுத்தீங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு, நான் என்ன இல்லைன்னா சொல்லுதேன்? எலக்சனுக்காக இந்தச் சுத்துப்பட்டுல லைசென்ஸ் வச்சிருக்கவிய பாதிப்பேரு என் கடையிலதான் போட்டுட்டுப் போயிருக்காவ. ஓட்டு எண்ணி முடிச்சும் ஒருத்தரும் இன்னும் எட்டிப் பாக்கல. உங்களுக்குத்தான் இம்புட்டு அவசரம். காமராஜண்ணே, ஒரு டீ குடுத்து விடுங்க, சீனி கம்மியா! அட குடிங்க அண்ணாச்சி, டீ மேல என்ன கோவம்?

இந்தா உங்க பொருளு. துணியைப் பிரிச்சுப் பாத்துக்கிடுங்க. எண்ணெ போட்டுச் சுத்தி வச்சது, ஒரு பொட்டுத் துரு கிடையாது. போல்ட்டா? போல்ட்டு உள்ள இருக்கு அண்ணாச்சி, இரும்புப் பெட்டியில. எங்க வீட்டுக்காரர் இருந்த நாள்லயே அப்படித்தான் வழக்கம். டெபாசிட்டுக்கு வந்த ரைபிள் அத்தனைக்கும் போல்ட்டை உருவித் தனியா வச்சிருவோம். போல்ட்டு இல்லாம வெடிக்காதுல்லா, திருடன் வந்தாலும் வெறுங்கட்டையைத்தான் தூக்கிட்டுப் போகணும். எடுத்துத் தாரேன், செத்த பொறுங்க.

எதுக்குக் கேக்கேன்னா, இப்ப இது எதுக்கு உங்களுக்கு? பன்னி விரட்டவா? அண்ணாச்சி, நான் நிழல்ல உக்காந்து தோட்டா விக்கிறவதான், ஆனா பிறந்தது விளாத்திகுளம் பக்கம். வைகாசி மாசம் கரிசக்காட்டுல என்ன பயிரு நிக்கு? கம்பு அறுத்தாச்சு, பருத்திமாரு பிடுங்கி அடுப்பு எரிச்சாச்சு, நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. பன்னி வந்து வெடிப்பையா திங்கும்? சரி சரி, முறைக்காதீங்க. வாய் சும்மா இருக்காது எனக்கு, உங்களுக்குத் தெரியாததா.

வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுக் குழாய்க்குள்ள பாருங்க. வரி எப்படிச் சுத்திச் சுத்திப் போகுது பாருங்க, நேத்துக் கடைஞ்ச மாதிரி. உங்க அப்பா மதுரையில ஏலத்துல எடுத்த மாசர் ரைபிளு இது. உங்க வயசை விடக் கூடத்தான் இதுக்கு இருக்கும். ஆனா உங்களுக்கு முட்டி வலி வந்துட்டு, இதுக்கு ஒண்ணும் வரல. இதுல கெட்டுப்போக என்ன இருக்கு? ஒரு ஊசி, ஒரு சுருளு, ஒரு விசை. போல்ட்டைத் தள்ளிக் கீழ மடக்குனா, முன்னால ரெண்டு காது போயி உள்ள பூட்டிக்கிடும். வெடிக்கும்போது அங்கன ஒண்ணும் அசையாது. அசையாததுனாலதான் குறி பிசகாம போகுது. பேங்க் வாச்மேன்மாருக்கு ரெண்டு குழல் துப்பாக்கி விக்கேன், அது சத்தத்துக்கு. இது அப்படி இல்ல.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு மில்காரரு, இந்த மாதிரிப் பழைய சாமான் சேக்கிறவரு, போன மாசம் வந்து இதை ரேக்குல பாத்துட்டு நகர மாட்டேன்னுட்டாரு. என்ன கேட்டாரு தெரியுமா? கட்டை பாக்கல, பாலீஷ் பாக்கல. குழாய்லயும் போல்ட்டுலயும் நம்பரு ஒண்ணுபோல இருக்கான்னு அதத்தான் கேட்டாரு. சேந்து பிறந்த போல்ட்டுன்னா சொன்ன விலை தாரேன்னாரு, மாறினதுன்னா கையால தொட மாட்டாராம். ஓனரைக் கேட்டுச் சொல்லுதேன்னேன். குடுத்துருங்களேன் அண்ணாச்சி. இன்னைக்கே போன் போடுதேன். வேண்டாமா? அப்பா வச்சிட்டுப் போனது. சரி, அதுவும் ஞாயந்தான்.

மணியை மணியைப் பாக்காதீங்க. வாசல்ல ஜீப்பு எஞ்சினைக்கூட அணைக்காம நிக்கு, முப்பிடாதிதான ஓட்டுதான்? டீசல் என்ன சும்மாவா வருது? எடுத்துத் தாரேன், பெட்டிச் சாவியைத்தான் தேடுதேன், இங்கனதான் வச்சேன்.

குருமலைப் பக்கம் கல்குவாரிக்கு எல்லாரும் குறி பாக்கப் போனோமே, ஞாபகம் இருக்கா? எங்க வீட்டுக்காரர் இருந்தாவ அப்ப. உங்க மச்சினன் செண்பகராஜு அவன் தீப்பெட்டி ஆபீஸ் லேபிளைக் கொண்டாந்து பாறையில கஞ்சிப்பசை வச்சு ஒட்டினான். கிளிப் படம். ஒட்டிட்டு நகர மாட்டேன்னு அதுக்குப் பக்கத்துலயே நின்னான், கிறுக்குப்பய. எங்க அத்தான் குறி தப்பாது, நான் இங்கனயே நிக்கேன்னு சிரிக்கான். எங்க வீட்டுக்காரர் பிடிச்சு இழுத்துட்டு வந்தாவ. நீங்க படுத்து, மூச்சை அடக்கி, ஒரே வெடி. கிளிக்குக் கண்ணு இல்ல. உங்க மகன் சுடலைக்குமாருதான் ஓடிப்போயி அந்த லேபிளை உரிச்சுட்டு வந்தான். இந்தா அத்தை பாருங்கன்னு எங்கிட்ட காட்டினான். ஓட்டைக்குள்ள சுண்டுவிரல விட்டு ஆட்டிக் காட்டினான்.

அதான் அண்ணாச்சி எனக்குப் பயம். நாட்டுத் துப்பாக்கின்னா தூக்கிட்டுப் போங்கன்னு விட்டிருப்பேன். பாதி வெடிக்காது, வெடிச்சாலும் ஆளை விட்டுட்டு ஆலமரத்துல படும். இது தப்பாது. நீங்களும் தப்ப மாட்டீங்க.

மறைக்காதீங்க. சட்டைப் பை கீழ இழுத்துட்டு நிக்கு. அது என்ன, வெத்தலைப் பெட்டியா? தோட்டா கனம் எனக்குத் தெரியாதா, நான்தான வித்தேன். செண்பகராஜு நேத்து ஜாமீன்ல வந்துட்டான். உங்களுக்கு மட்டுமா தெரியும், கோவில்பட்டி மார்க்கெட்டுல காய்கறி விக்கிறவளுக்கும் தெரியும். நாகலாபுரத்துல வீட்டுல இருக்கான். உங்க ஜீப்பு எந்தப் பக்கம் திரும்பப் போகுதுன்னு நான் சொல்லணுமா?

சுடலைக்குமாரு பேச்சை எடுக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். முடியல. இதே துப்பாக்கியை டெபாசிட் பண்ண வந்தீங்களே பங்குனியில, அவன்தான் தோள்ல தூக்கிட்டு வந்தான். மாமன் ஆபீஸ்ல சேந்துட்டேன் அத்தை, இனிமே நானும் மொதலாளிதான்னு அந்த ஸ்டூல்ல உக்காந்து காலை ஆட்டினான். அடுத்த வாரமே தீக்குச்சி மருந்து ரூம்பு பிடிச்சு எரிஞ்சு, அய்யோ, அதை நான் சொல்லல. ஆஸ்பத்திரியில வந்து பாத்தேன். மதினி, பெத்த தாயி, அவன் பாதத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாவ, மத்த இடம் எதையும் தொட முடியல. நானும் ஒரு பிள்ளை வச்சிருக்கேன் அண்ணாச்சி. உங்க வயிறு எரியுதது எனக்குத் தெரியாம இல்ல.

செண்பகராஜு யோக்கியன்னு என் வாய்ல வருமா? பின்கதவைப் பூட்டி வச்சிருந்தான். சாமான் களவு போகுதுன்னு பூட்டினானாம். பொறவு பையன் மேலயே பழியைப் போட்டான், பீடி குடிச்சான்னு. பச்சப் பொய்யி. அவன் நாசமாப் போகட்டும், நான் வேண்டாங்கல. ஆனா கதவு வெளிய பூட்டிக் கெடந்ததைக் கண்ணால பாத்தது யாரு? நீங்க. பூட்டை உடைச்சது யாரு? நீங்க. கேஸுல மொத சாட்சி நீங்கதான. நீங்க இதைத் தூக்கிட்டுப் போயி அவனைச் சுட்டுட்டா, செத்தவன் நல்லவன் ஆயிருவான், நீங்க கொலைகாரர் ஆயிருவீங்க. பையன் பீடி குடிச்சான்னு அவன் எழுதிக் குடுத்தது அப்படியே நிக்கும். அதை அழிக்க ஆளு இருக்காது.

ஏன் கத்துதீங்க? பொம்பளை தனியா இருக்கேன்னு கத்துதீங்களா? கத்துங்க. தெரு பூரா கேக்கட்டும்.

ஏய், அந்த ரேக்குல கை வைக்காதீங்க! அண்ணாச்சி! அந்தத் துப்பாக்கியில போல்ட்டு இருக்குன்னு பாத்துட்டீங்களா? அது என் கடைச் சரக்கு, அதை உருவி இதுல மாட்டலாம்னு கணக்கா? நுழையும், மடங்கவும் செய்யும். ஆனா அது இதுக்குச் சேராது. ஒரு நூல் இடைவெளி இருந்தாப் போதும், தோட்டா வெடிச்சு அம்புட்டும் பின்னால உங்க மூஞ்சிக்கே வரும். எங்க வீட்டுக்காரர் தம்பிக்கு ஒரு கண்ணு எப்படிப் போச்சுன்னு நெனைக்கீங்க? கீழ வைங்க. வைங்கன்னா வைங்க. ம்.

அந்த ரேக்கை விட்டு இங்கிட்டு வாங்க. உக்காருங்க.

இந்த விசை எப்படின்னு உங்களுக்கே தெரியும். மொத இழுப்புல லூசா வரும், பொறவு ஓரிடத்துல தட்டி நிக்கும். அங்கன இருந்து விரலை எடுத்துட்டா ஒண்ணும் இல்ல. அதுக்கு அங்கிட்டுக் கொஞ்சம் இழுத்துட்டா பிரம்மாவாலயும் திருப்ப முடியாது. எதுக்கு இந்த ரெண்டு இழுப்புன்னு நான் எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டேன், கல்யாணம் ஆன புதுசுல. யோசிக்கிறதுக்குத்தாண்டின்னாவ. ஒரு நாளும் என்னைய அடிக்காத மனுசன், கோவம் வந்தா வெளிய போயி நின்னுட்டு வருவாவ. நீங்க இப்ப அந்தத் தட்டி நிக்கிற இடத்துல நிக்கீங்க அண்ணாச்சி, வேற ஒண்ணும் இல்ல.

இருங்க, போன் அடிக்கு. அலோ. ஆமா, நான்தான் பேசுதேன். இறங்கிட்டாவளா? எங்கன? வாசப்படியிலயா? சரி. சரிம்மா, அழாத. ஒண்ணும் சொல்ல வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அவனை உள்ளயே இருக்கச் சொல்லு. வச்சிருதேன்.

அப்பாடி. ஒரு வாய்த் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

சாவியா? சாவி என் இடுப்புலதான் இருக்கு. காலையில இருந்து இங்கனதான் இருக்கு. பெட்டியைத் திறக்கணுமா, இந்தா, நீங்களே திறந்து பாருங்க. இல்லைல்லா? உங்க போல்ட்டு உள்ள இல்ல அண்ணாச்சி. நான் கடை திறக்க வரும்போதே மதினி வந்து படியில உக்காந்திருந்தாவ. உங்க ஊரு எப்போதும்வென்றான்ல இருந்து மொத பஸ்ஸு பிடிச்சு வந்திருக்காவ. நீங்க பீரோவைக் குடைஞ்சு தோட்டா தேடுததைப் பாத்துட்டாவ, உங்களுக்குத் தெரியாம கிளம்பிட்டாவ. துப்பாக்கியைக் குடு உமான்னு எங்கிட்ட கேக்காவ. அதைத் தூக்கிட்டு எப்படி மதினி பஸ்ஸு ஏறுவீங்கன்னு, போல்ட்டை எடுத்துக் கையில குடுத்தேன். சேலைத் தலைப்புல முடிஞ்சு மடியில சொருகிக்கிட்டாவ. சட்டப்படி தப்புதான். என் லைசென்ஸ் போயிரும். ஸ்டேசன்ல போயி எழுதிக் குடுங்க, நான் மாத்திச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் போகல அவிய. நாகலாபுரம் பஸ்ஸு ஏறிட்டாவ. செண்பகராஜு வீட்டுக்கு. இப்ப போன்ல பேசினது அவன் பொண்டாட்டி செல்வமாரிதான். மதினி வந்து வாசப்படியில உக்காந்துட்டாவளாம், மடியைப் பிடிச்சுக்கிட்டு. அந்த வாசல்ல மண்ணை வாரித் தூத்தி, இனி என் காலு இங்கன படாதுன்னு வந்தவிய அவிய. கூடப்பிறந்தவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னவிய. உங்களுக்காகப் போயிருக்காவ. அந்தப் பஸ்ஸு ஊரு ஊரா நின்னு போகும், உங்க ஜீப்பு முந்திரும். அதான் இம்புட்டு நேரம் மாசரு, மில்காரருன்னு வாய் வலிக்கப் பேசினேன். இல்லன்னா எனக்கு வேற சோலி இல்லையா?

நான் கேட்டேன், தம்பியைக் காப்பாத்தவா மதினி போறீங்கன்னு. என்னைய எரிச்சுருத மாதிரி பாத்தாவ. அவன் செத்தா எனக்கு என்ன, நான் போறது அவனுக்காக இல்ல. மகனைத்தான் குடுத்துட்டேன். இவரையும் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் குடுத்துட்டு நான் அந்த வீட்டுல யாருக்குச் சோறு பொங்க? அப்படின்னாவ.

அழுங்க. பரவாயில்ல. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன்.

வண்டியை அணைக்கச் சொல்லாதீங்க. நாகலாபுரம் போகத்தான வந்தீங்க, போங்க. துப்பாக்கி இங்கன கெடக்கட்டும், சட்டைப் பையில இருக்கதையும் இந்த மேசையில எடுத்து வச்சுருங்க. ம், அந்தப் பையிலயும். இந்தாங்க, இந்தத் தூக்குவாளியைக் கொண்டு போங்க. மோரு. எனக்குன்னு கொண்டாந்தது, மதினிக்குக் குடுங்க. வெயில் நேரா அந்தப் படியிலதான் அடிக்குமாம். அந்த வீட்டுப் பச்சைத்தண்ணி பல்லுல படாதுன்னுட்டாவ, செல்வமாரி செம்போட நிக்காளாம், வாங்க மாட்டேங்காவ. நீங்க போயிக் கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாவளாம்.