மௌன வாரம்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. டாக்டர் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். இந்த நிலைமையில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன். வேகமாகப் பேசும் பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

என் வேலை சட்டம் எழுதுவது. சபையில் மந்திரிகள் மேஜையைத் தட்டிக் கொண்டுவருகிற மசோதாக்களை வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடுப்பவன் நான். எந்தச் சட்டத்திலும் என் பெயர் இருக்காது. முதுகுக்குப் பின்னால் அலுவலகத்தில் என்னை 'உட்பிரிவு' என்பார்கள். கோபமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

மத்திய வங்கிச் சட்டத்தை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். பழைய சட்டம் வங்கிக்கு ஒரு மூட்டைக் கடமைகளைக் கொடுத்திருந்தது. விலைவாசியைப் பிடித்து வை, வேலைவாய்ப்பைப் பெருக்கு, ஏற்றுமதியைத் தூக்கிவிடு, இப்படி. விலை ஏறினால் வேலைவாய்ப்பைக் காட்டுவார்கள். வேலை போனால் ஏற்றுமதியைக் காட்டுவார்கள். ஆக, எதற்கும் யாரும் பொறுப்பில்லை. போன விலையேற்றத்தில் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஒன்றிரண்டாக விற்றார். அப்படி வாங்கியவர்களில் எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவின் கணவரும் ஒருவர். இதய நோயாளி. அவர் இப்போது இல்லை.

புதிய மசோதாவில் வங்கிக்கு ஒரே கடமைதான், விலைவாசி. தவறினால் வங்கியின் தலைவரான கவர்னர் சபைக் குழு முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லை என்றால் சபை அவரை நீக்கலாம். அந்தக் கண்காணிப்புப் பிரிவை எழுதி முடித்த அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். எனக்குப் பிள்ளைகள் கிடையாது.

கவர்னர் என் தங்கையின் கணவர். நல்ல மனுஷன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர்தான் பேச்சை எடுத்தார்.

"மச்சான், உங்க கண்காணிப்புப் பிரிவு அப்படியே வந்தா ஓட்டெடுப்பு அன்னிக்குக் காலையில ராஜினாமாவை அனுப்பிடுவேன். சந்தை விழும். உங்க மந்திரி பயந்துபோய் மசோதாவைச் சுருட்டி வச்சிருவாரு."

"யாரைக் கேட்டு இப்படி முடிவு பண்ணீங்க மாப்பிள்ளை?"

"நான் எதுக்கு யாரையும் கேக்கணும்?" என்று சிரித்தார். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லித் தங்கையிடம் கண்ணைக் காட்டினார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் தெளிவானது. நாடு முழுக்க ஜனங்கள் அல்லாடும்போது ஒரு ஆள் தன்னிச்சையாக உட்கார்ந்து முடிவு செய்கிறார். இது தகுமா?

ஓட்டெடுப்பு மௌன வாரத்தில் வந்தது. வட்டி விகிதத்தை முடிவு செய்வதற்கு முந்தைய வாரம் கவர்னர் வெளியாட்களிடம் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வங்கியின் வழக்கம். மாப்பிள்ளை அதில் ரொம்பக் கறார். ஏரிக்கரையிலிருக்கும் வங்கியின் விடுதிக்குப் போய், போனை அணைத்து மேஜை டிராயரில் போட்டுவிடுவார். சமையல்காரர்கூடக் கிடையாது. யாரும் கூப்பிட மாட்டார்கள், தேட மாட்டார்கள். ஓட்டெடுப்பு முடியும்வரை அவர் சத்தம் கேட்காவிட்டால் அதுதான் முறை என்று நினைத்துக்கொள்வார்கள். இதைவிட வசதி கிடைக்குமா?

ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் போனேன். காவலாளிக்கு என்னைத் தெரியும், குடும்பத்து ஆள் என்று விட்டுவிட்டார். மாப்பிள்ளை மாடி அறையில் ஜன்னலைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். மேஜையில், நாணயச்சாலைக்காரர்கள் பரிசாகக் கொடுத்த பழைய எஃகு அச்சு இருந்தது. உள்ளங்கையில் அடங்கும், ஆனால் நல்ல கனம். கடைசியாக ஒருமுறை கேட்டேன். "வேணாம் மச்சான், இந்த வாரம் நான் எதுவும் பேசக் கூடாது" என்று திரும்பிக்கொண்டார். பின்மண்டையில் அடித்தேன். நாற்காலியோடு சாய்ந்தார். ஆனால் ஆள் திடமானவர், என் காலைப் பிடித்துக்கொண்டார். பிடி தளரும்வரை அடிக்க வேண்டியிருந்தது. முகத்தில் வேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நான் ஆத்திரப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தங்கை வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். வாசலில் நின்றவள், "அண்ணே, அவருக்கு என்னாச்சு?" என்றாள். அடிபட்டுவிட்டது, நான் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

அவளிடம் எடுத்துச் சொல்லப் பார்த்தேன். மசோதா, விலைவாசி, டைப்பிஸ்ட் அம்மாவின் கணவர், எல்லாம் சொன்னேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. சின்ன வயதில் அவளுக்குச் சளி பிடித்தால் நான்தான் கழுத்தில் தைலம் தேய்த்துவிடுவேன். அந்தக் கழுத்து எனக்குப் பழக்கம். நெடுநேரம் பிடித்தது. முடிந்ததும் முந்தானையைச் சரிசெய்து அவர் பக்கத்திலேயே படுக்கவைத்தேன். அவர் இல்லாமல் அவள் தனியாகக் கஷ்டப்பட்டிருப்பாள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில்.

மதியம் சபைக் குழுவில் மசோதாவை நான்தான் வாசித்தேன். சட்டைக் கையில் இருந்த கறையைப் பார்த்து, "என்ன உட்பிரிவு, இன்னிக்கு சிவப்பு மை ஜாஸ்தியோ?" என்று ஒரு உறுப்பினர் கிண்டலடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கே கோட்டைவிட்டேன் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். அந்தக் கண்காணிப்புப் பிரிவில், மௌன வாரத்திலும் கவர்னரைக் குழு அழைக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். குழுத் தலைவர் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தவர். அந்த வரி பிடித்துப்போய், சட்டம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று, குழுவின் நடைமுறை விதியாகப் போன மாதமே சேர்த்துவிட்டார். விதியை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். ஆனால் பாருங்கள், ஜனாதிபதி கையெழுத்துப் போடாதவரை எதையும் சட்டமாக நினைக்காத புத்தி எங்கள் தொழில் புத்தி. அந்த விதி என் நினைவுக்கே வரவில்லை. மறுநாள் காலை டீச்சர் அம்மா, "கவர்னரைக் கூப்பிடுங்க, ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றார். விடுதிப் போனையும் யாரும் எடுக்கவில்லை. கார் அனுப்பினார்கள்.

சபையை ஒத்திவைத்துவிட்டார்கள். மசோதாவைத் திரும்பப் பெறப்போவதாகக் கேள்விப்பட்டேன். இந்த அறைக்கு வந்த பிறகு எனக்கு உண்மையாகவே துக்கம் வந்தது அப்போதுதான்.

இதைச் செய்வதற்கு முன் யாரிடமாவது கலந்து பேசினீர்களா என்று கேட்டீர்கள். யாரிடம் பேசுவது? விஷயம் முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புவார்கள்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்மேல் இருக்கிற கோபத்தில் அந்தக் கண்காணிப்புப் பிரிவைக் கைவிட்டுவிடச் சொல்லாதீர்கள். கேள்வி கேட்க ஆளில்லாமல் ஒரு தனி மனிதன் கையில் முடிவை விட்டுவைத்தால் அவன் என்ன வேண்டுமானாலும் செய்வான். மாப்பிள்ளையைப் பார்த்தீர்கள் அல்லவா.