பென் டிரைவில் இருந்த சனிக்கிழமை

இல்ல தம்பி, விலை ஒரு பிரச்சினையே இல்ல. முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. முதலாளி நாலு மணிக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள உங்ககிட்ட நான் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கு.

உங்களோடதையும் சேத்து மூணு கணக்கு சாஃப்ட்வேரையும் வச்சு ரெண்டு வாரமா அலசிட்டேன். முதலாளி என்ன சொல்லிட்டாருன்னா, பிளைவுட் விக்கறது என் வேலை, கணக்கை எதுல எழுதறதுங்கறது உன் வேலை, நீ எதைச் சொல்றியோ அதை வாங்கிடலாம்னுட்டாரு. பதினோரு வருஷமா இங்க கணக்கு எழுதறது நான் ஒருத்திதான். இந்தக் கடையில என் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. அதுதான் தம்பி வினையே.

சரி, கேட்டீங்களே, சொல்றேன். இப்ப இருக்கற பழசு இருக்கே, அது மாமியார் மாதிரி. பழகறதுக்குள்ள உயிர் போயிடும், பழகிட்டா அது இல்லாம கை ஓடாது. மவுஸைத் தொட வேண்டாம். நெட் இல்லன்னாலும் வேலை நடக்கும். ஆடிட்டர் ஆபீஸ்லயும் அதேதான் வச்சிருக்காங்க, வருஷக் கடைசியில ஃபைலைக் கொண்டுபோய்க் குடுத்தா முடிஞ்சுது. ஆனா எல்லாமே இந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள. பெட்டி படுத்தா கடையும் சேர்ந்து படுக்கும். பேக்கப்பை நாமதான் ஞாபகமா பென் டிரைவ்ல எடுத்து வைக்கணும்.

ரெண்டாவது, மாசாமாசம் பணம் கட்டறது. செல்லுலயே பில் போடலாம், பாக்க லட்சணமா இருக்கு. சரக்குக் கணக்குன்னு வந்தா முழிக்குது. எட்டடிக்கு நாலடி ஷீட்டும் ஏழடிக்கு மூணடி ஷீட்டும் அதுக்கு ஒண்ணுதான். போன் பண்ணிக் கேட்டா அரை மணி நேரம் பாட்டுப் போடறாங்க.

உங்களோடது நல்லா இருக்கு. முகஸ்துதிக்குச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. பழைய கணக்கை ஒரு வரி விடாம இழுத்துக்குது. ஒரு வரின்னா ஒரு வரி விடல தம்பி.

அப்புறம் ஏன் சரின்னு சொல்ல மாட்டேங்கறேன்னு கேக்கறீங்க. உங்க இலவச ட்ரையல் இன்னைக்கு ஆறு மணியோட முடியுது இல்ல? அதுக்கப்புறம் உள்ள ஏத்தினதைப் பாக்கவே முடியாதா? பணம் கட்டினாத்தானா. ம். அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.

தண்ணி குடிங்க.

நாலு மாசம் முன்னாடி ஒரு திங்கக்கிழமை இந்தப் பெட்டி எழுந்திருக்கல. ரிப்பேர்காரர் வந்து எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டு, பேக்கப் இருக்கான்னாரு. டிராயர்லேர்ந்து பென் டிரைவை எடுத்துக் குடுத்தேன். அது வியாழக்கிழமை எடுத்தது. வெள்ளியும் சனியும் காணோம். போகுதுன்னு பில் புக்கை வச்சுக்கிட்டு ரெண்டு நாளையும் திரும்ப ஏத்தினேன். ஒண்ணு விடாம ஏத்திட்டேன்னு எனக்குப் பெருமை வேற.

பில்லுக்குக் காகிதம் இருக்கு, ஏத்திட்டேன். வசூலுக்கு? எங்க வசூலுக்குப் போறவரு ஒரு சின்ன நோட்டு வச்சிருப்பாரு. அவரு பணத்தைக் குடுத்ததும் நான் அதுல கையெழுத்துப் போட்டுத் தரணும், அதுதான் முறை. நான் பாதி நாள் போடறதில்ல. முதலாளியும் சாயங்காலம் கல்லாப்பெட்டியில இருக்கறதைப் பையில அள்ளிக்கிட்டுக் கிளம்பிடுவாரு, எண்ணற வழக்கமே கிடையாது. கம்ப்யூட்டர் சொன்னா அவருக்கு வேதம்.

பத்து நாள் கழிச்சு ஒரு காண்ட்ராக்டருக்கு போன் பண்ணி பாக்கி கேட்டா, நாப்பதாயிரமும் உங்க ஆள்கிட்ட அன்னைக்கே குடுத்தாச்சேன்னாரு. வசூல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. ஆமா வாங்கினேன், சனிக்கிழமை கடை மூடும்போது இவங்ககிட்ட குடுத்தேன்னாரு. முதலாளி என் பக்கம் திரும்பினாரு. நான் திரையைப் பாத்தேன். வரலன்னு சொன்னேன். நல்லா யோசிச்சுப் பாருன்னு அவரு கேட்டாரு தம்பி, சத்தம் கூடப் போடல. யோசிக்க என்ன இருக்கு, கணக்குல இல்லன்னா இல்லதான்னேன். தினம் நூறு வரி அடிக்கறேன், எதுன்னு ஞாபகம் வச்சுக்கறது. ஆனா அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஞாபகம் இல்லன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.

வசூல்காரருக்கு அன்னைக்கே வேலை போச்சு. இப்ப ஒரு கிடங்குல மூட்டை இறக்கறாரு, நாப்பத்தெட்டு வயசுல. எடுக்காத பணத்துக்கு முதலாளிகிட்ட மாசத் தவணை கட்டறாரு. அந்தத் தவணையை வரவு வைக்கறதும் நான்தான்.

போன வாரம் உங்க ட்ரையல்ல பழைய ஃபைல் ஏதாவது ஒண்ணை ஏத்திப் பாக்கலாம்னு பென் டிரைவ் தேடினேன். என் கைப்பையோட உள் ஜிப்புல ஒண்ணு கிடந்தது. சனிக்கிழமை பேக்கப். அவசரத்துல எடுத்து அங்க போட்டிருக்கேன், எடுத்ததே மறந்து போச்சு. உங்களோடதுல ஏத்தினேன். கடைசி வரி, ரொக்க வரவு நாப்பதாயிரம். நானே அடிச்சது. பணத்தையும் கல்லாவுல போட்டிருப்பேன், முதலாளி எண்ணாம அள்ளிக்கிட்டுப் போயிருக்காரு. எங்க பழசுல ஏத்திப் பாக்க பயம், இப்ப இருக்கறதை அழிச்சுட்டு மேல உக்காந்துக்கும். அதனால தினமும் காலையில வந்ததும் உங்களோடதைத் திறந்து பாக்கறேன். இருக்கு.

அந்த வசூல்காரருகிட்டயா? இன்னும் சொல்லல. சாப்பாடு கட்டிக் குடுக்கும்போது சொல்லிடணும்னுதான் பாக்கறேன், வாய் வரல.

ஆமா, என் வீட்டுக்காரருதான். சொல்லலையா நான்? பின்ன, கையெழுத்து எதுக்குப் போடாம விட்டேன்னு நெனச்சீங்க. ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஒரே வீட்டுக்குப் போறோம், புருஷன்கிட்ட எதுக்கு நோட்டும் கையெழுத்தும்னு விட்டதுதான். நாலு மாசமா அவரு குளிக்கப் போனா நான் சட்டைப்பையைத் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கேன் தம்பி. அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் சட்டையை எப்பவும் போல அதே ஆணியிலதான் மாட்டிட்டுப் போறாரு.

போட்டோவா? எடுத்து வச்சிருக்கேன். போட்டோ போதும்னா உங்களை ஏன் கூப்பிடப் போறேன். அந்த ஃபைல் எந்தத் தேதியில எடுத்தது, யாரும் அப்புறமா கை வைக்கலன்னு நீங்க முதலாளிகிட்ட படிச்சுச் சொல்லணும். வேற எதுவும் சொல்ல வேண்டாம். நான் சொன்னா எடுபடாது தம்பி. அன்னைக்கு இல்லன்னு சொன்னப்ப, கட்டின பொண்டாட்டியே சொல்றாளேன்னு எல்லாரும் நம்பினாங்க. இன்னைக்கு இருக்குன்னு சொன்னா, கட்டின பொண்டாட்டிதானே சொல்றான்னு விட்டுடுவாங்க.