வேணும்னே போட்ட தப்பு

— அப்புறம் என்ன ஆச்சு? பாதியில நிறுத்திட்டுத் தண்ணியக் குடிச்சா எப்படி?

— இருங்க, மூச்சு வாங்குது. அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா எவ்வளவுன்னு போர்டுல எழுதினேன். மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. விடை அஞ்சுல ரெண்டுன்னு போட்டு, அடியில அழகா ரெண்டு கோடு இழுத்தேன்.

— கோடு அழகாத்தான் இருந்திருக்கும். டிராயிங் டீச்சராச்சே.

— கிண்டல் பண்ணாதீங்க. பதினோரு வருஷமா மலையும் படகும் வரையச் சொல்லிக் கொடுத்து நிம்மதியா இருந்தேன். கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போனாலும் போனாங்க, ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் ஸ்கேல் பிடிச்சு நேரா கோடு போடறீங்களே, இந்த வருஷம் ஆறாம் வகுப்புக் கணக்கைப் பார்த்துக்குங்க"ன்னுட்டாங்க. கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்னு அவங்களுக்கு யார் சொல்றது?

— அட போ. அஞ்சுல ரெண்டுன்னா அரையை விடக் கம்மியாச்சே! அரைத் துணியோட இன்னும் கொஞ்சம் ஒட்டுப் போட்டா துணி வளருமா, சுருங்குமா?

— அதையேதான் முதல் பெஞ்சு வாயாடி எழுந்து நின்னு கேட்டா. "டீச்சர், கூட்டினா எப்படிக் குறையும்?"னு.

— கிளாஸே சிரிச்சிருக்குமே!

— அதான் அதிசயம். முப்பத்தி நாலு பிள்ளைங்க, ஒண்ணுகூட சிரிக்கல.

— நீ என்ன பண்ணின?

— சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல, வாய்தான் பண்ணுச்சு. "சபாஷ்! வேணும்னேதான் தப்பாப் போட்டேன். யாரு கண்டுபிடிக்கறீங்கன்னு பார்த்தேன். இனிமே தினமும் ஒரு தப்பு போடுவேன். கண்டுபிடிக்கறவங்க நோட்டுல ஒரு பறவை வரைஞ்சு தருவேன்"னு சொல்லிட்டேன்.

— தினமுமா?

— தினமும்னு சொல்லித் தொலைச்சிட்டேங்க! வாயாடி நோட்டுல அரைப் பக்கத்துக்கு மயில் போட்டுக் கொடுத்தேன். உசிரைக் காப்பாத்தினவளாச்சே.

— மாட்டிக்க வச்சவளே அவதான். சரி, பசங்க நம்பினாங்களா?

— முழுசா நம்பிட்டாங்க. முகத்துல ஒண்ணும் காட்டிக்கலயே நான்! பாழாப்போன சாக்பீஸ்தான் மட்டமான சரக்கு, கையிலேயே ரெண்டா ஒடிஞ்சுது. அப்புறம் ஒரே ஒரு பொண்ணு, ஜன்னல் ஓரம் முதல் பெஞ்சுல, நடக்கிற கூத்துல கவனமே இல்லாம பின்னாடி திரும்பி உட்கார்ந்திருந்தா. "போர்டு என்ன உன் முதுகுப் பக்கமா இருக்கு?"ன்னு ஒரு அதட்டு போட்டேன்.

— உன் பயத்தையெல்லாம் அவ தலையில இறக்கி வச்சிட்ட.

— அந்த நேரத்துக்கு யாராவது வேணுமே. இப்ப நீங்கதான் எனக்குக் கதி. அரையும் மூணுல ஒண்ணும் எவ்வளவு?

— அந்த யூனிஃபார்ம் துணியில வெட்டினது போக ஒரு பட்டை கிடக்கும், எடு. கத்திரிக்கோலைத் தொடாதே, அது என்னுது. ஆறு விரல் நீளம் அள. பாதி எத்தனை விரல்?

— மூணு.

— அதே ஆறுல மூணுல ஒரு பங்கு?

— ரெண்டு. மூணும் ரெண்டும் அஞ்சு... ஆறுல அஞ்சு! என்னங்க, இவ்வளவுதானா? இதை ஏன் எனக்கு யாரும் சின்ன வயசுல சொல்லல?

— நீ டெய்லர்கிட்டப் படிக்கல. கட்டிக்கத்தான் செஞ்ச.

*

— இன்னைக்கு எத்தனை தப்பு?

— ரெண்டு.

— நாளுக்கு ஒரு தப்புதானே பேச்சு? அளவு மீறிப் போகுதே.

— ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு அதுவா விழுந்தது.

— எது பெரிய அடி?

— புள்ளி அஞ்சு பெருசா, புள்ளி மூணு அஞ்சு பெருசா? முப்பத்தஞ்சு பெருசுதானேன்னு எழுதிட்டேன். வாயாடி உட்பட ஆறு பேர் கையைத் தூக்கிட்டாங்க. "ஆகா, ஆறு பேருமா!"ன்னு சந்தோஷப்படற மாதிரி நடிச்சேன். ஆறு நோட்டுலயும் ஆறு கொக்கு, பக்கம் முழுக்க. கை விட்டுப் போச்சு.

— நீயா போட்ட தப்புக்கு?

— அதுக்கு ஒரு சிட்டுக்குருவி. ஓரத்துல, கட்டைவிரல் அளவுக்கு.

— டேப்பை நீட்டிப் பிடி. மீட்டர் பக்கம் பாரு. அரை மீட்டர் எங்கே நிக்குது?

— அம்பதுல.

— புள்ளி மூணு அஞ்சு?

— முப்பத்தஞ்சுல. அதுக்குள்ளயே நின்னுடுச்சே!

— புள்ளி அஞ்சுன்னா பத்துல அஞ்சு. உனக்கு ஜாக்கெட் தைக்கறப்ப இப்படி மாத்தி வெட்டியிருந்தேன்னா என்னை விட்டிருப்பியா?

— ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வேணும்னு தப்பு போடறது இருக்கே, அது சரியாப் போடறதை விடக் கஷ்டங்க. ஏழெட்டு அம்பத்தி நாலுன்னு போட்டா, "போங்க டீச்சர், இது ரொம்ப லேசு, வேற போடுங்க"ன்னு முறைக்கறாங்க. பார்த்தா சரி மாதிரி இருக்கணும், உள்ள ஒரு இடத்துல மட்டும் இடறணும். அந்த இடம் எதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே! நேத்து சாயங்காலம் ஒரு தப்புக்காக ரெண்டு மணி நேரம் படிச்சேன்.

— சரியாத் தப்பு பண்றதுக்குப் படிக்கிற ஒரே டீச்சர் நீதான்.

— சிரிங்க, சிரிங்க. உங்களுக்குச் சிரிப்பு. அந்தப் பிள்ளைங்க என் முகத்தைப் பார்த்து, "டீச்சருக்கு எல்லாம் தெரியும்"னு நம்பிக்கிட்டு இருக்காங்க. ஒரு நாள் குட்டு உடைஞ்சா அப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டு உள்ள போவேன்?

*

— என்ன, வாசல்லயே செருப்பைக் கழட்டி வீசறே? அரையாண்டுல எல்லாரும் பெயிலா?

— வாயைக் கழுவுங்க! முப்பத்தி நாலு பேருல முப்பத்தி ரெண்டு பேர் பாஸ். ஹெச்.எம். கூப்பிட்டாங்க. தற்காலிகமா ஒரு கணக்கு டீச்சர் கிடைச்சாச்சாம். "நீங்க நிம்மதியா டிராயிங்குக்கே போயிடலாம்"னாங்க.

— விட்டது சனின்னு வந்திருப்பியே!

— வேணாம்னுட்டேன்.

— என்னது?

— வேணாம்னுட்டேங்க. எனக்கே ஆச்சரியம். "இது என் கிளாஸ், வருஷம் முடியற வரைக்கும் நானே எடுக்கறேன்"னு வாய் தானா சொல்லுது.

— உன் வாய் ஒரு நாள் உன்னைக் கேட்டுட்டுப் பேசினா நல்லா இருக்கும். அவங்க என்ன சொன்னாங்க?

— அடுத்த மாசம் மேலிருந்து அதிகாரி வந்து கிளாஸைப் பார்ப்பாராம். அவர் சரின்னா நான், இல்லேன்னா அந்தப் புது டீச்சர். ஐயோ, அவர் முன்னாடி ஒரு தப்பு, நிஜத் தப்பு விழுந்துச்சுன்னா...

— யார் அந்தப் பெயிலான ரெண்டு பேர்?

— ஒருத்தனுக்கு அம்மை போட்டு பரீட்சையே எழுதல. இன்னொண்ணு நம்ம ரப்பர்.

— ரப்பரா?

— பிள்ளைங்க வச்ச பேரு. முதல் நாள் திரும்பி உட்கார்ந்திருந்தாள்னு திட்டினேனே, அவதான். விடை சரியாத்தான் எழுதுவா. எழுதினதும் சந்தேகம் வந்து அழிப்பா. மறுபடி எழுதுவா, மறுபடி அழிப்பா. பரீட்சைப் பேப்பர்ல நாலு இடத்துல ஓட்டை. தப்பாயிடுமோன்னு அவ்வளவு பயம். கிளாஸ்ல பறவை இல்லாத நோட்டு அவளோடது மட்டும்தான். கையே தூக்க மாட்டேங்கறா.

— அவ பாவாடையும் இங்கதான் தைச்சது. அளவெடுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "விடும்மா, பிள்ளைங்க வளரும்னு ரெண்டு விரல் உள்மடிப்பு விட்டுத்தான் தைப்பேன்"னேன். அப்புறம்தான் மூச்சு விட்டா.

— அவளுக்கு ஒரே ஒரு பறவை போட்டுட்டேன்னா போதும், அந்த டீச்சரே வரட்டும்.

— பொய். அந்த டீச்சர் வந்தா நீ மூணு நாள் சாப்பிட மாட்டே.

— ...ஆமா.

*

— கதவைத் திறங்க! மிஷினை நிறுத்துங்க! அதிகாரி வந்துட்டுப் போயாச்சு!

— ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தேன், கத்தின கத்துல விரல்ல குத்திடுச்சு. சொல்லு, விழுந்துச்சா தப்பு?

— விழுந்துச்சு.

— போச்சுடா. எங்கே?

— அவர்கிட்ட!

— அட போ!

— சத்தியமா! நான் ஒரு தப்பும் போடல. வேணும்னேகூடப் போடல. பிள்ளைங்க ஏமாந்து போயி உட்கார்ந்திருந்தாங்க. கடைசியில அவரே சாக்பீஸை எடுத்தார். நாலு பேர் ஆறு நாள்ல முடிக்கிற வேலையை எட்டு பேர் எத்தனை நாள்ல முடிப்பாங்கன்னு எழுதினார். ஹெச்.எம்.கிட்ட பேசிக்கிட்டே விடையையும் பன்னெண்டுன்னு அவரே எழுதிட்டார்!

— ஆள் கூடினா வேலை சீக்கிரம்தானே முடியும்? என் கடையில இன்னொரு ஆள் உட்கார்ந்தா சட்டை முன்கூட்டி வருமா, தள்ளிப் போகுமா?

— மூணு நாள்தான் சரி. பெரிய மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? அப்ப ஒரு கை மேல போகுது. யாரு கை சொல்லுங்க?

— வாயாடி.

— ரப்பர்ங்க! ரப்பர்! எழுந்து நின்னு சொன்னா. "சார், தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன். விடை மூணு. எனக்குப் பறவை எப்ப வரைஞ்சு தருவீங்க?"

— ஐயய்யோ! அவர் என்ன சொன்னார்?

— கழுத்துலேருந்து காது வரைக்கும் சிவந்து போச்சு. ரெண்டு தடவை செருமினார். அப்புறம், "சபாஷ், வேணும்னேதான் போட்டேன்"ன்னார்!

— ஆகா! உன் வசனம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?

— எல்லாருக்கும் அவசரத்துக்கு அந்த ஒரு வசனம்தான் வரும்போல. ஆனா பாவம், பார்த்தாலே தெரியுதுங்க. பச்சைப் பொய்னு நெத்தியில எழுதி ஒட்டியிருந்தது.

— அப்போ உன் நெத்தியில?

— என்னை அவரோட சேர்க்காதீங்க. நான் நல்லா சமாளிப்பேன். அப்புறம் கேளுங்க, அவரே ரப்பர் நோட்டுல ஒரு பக்கம் முழுக்கப் பறவை வரைஞ்சார். கோழியா வாத்தான்னு அவருக்கே தெரியல. அதைப் பார்த்து கிளாஸ் சிரிக்க, அவரும் சிரிக்க, போகும்போது ஹெச்.எம்.கிட்ட, "இந்த கிளாஸ்ல கை வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். என்னங்க, எனக்கு இப்பவே ஆடணும்போல இருக்கு!

— ஆடு. துணியை மட்டும் மிதிக்காதே.

*

— கடைசி நாளும் முடிஞ்சுது. சொல்லிட்டியா அவங்ககிட்ட?

— இல்லீங்க. காலையிலிருந்து மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன். "பிள்ளைங்களா, எல்லாம் வேணும்னே போட்ட தப்பு இல்ல, பாதி எனக்கே தெரியாம போட்டது, உங்க கூடச் சேர்ந்துதான் நானும் கத்துக்கிட்டேன்"னு. வாயைத் திறக்கறதுக்குள்ள எல்லாருமா சூழ்ந்துக்கிட்டு இந்தக் காகிதச் சுருளைக் கையில திணிச்சிட்டாங்க. வீட்டுல போய்த்தான் பிரிக்கணும்னு சத்தியம் வேற. பாவாடையெல்லாம் முழங்காலுக்கு ஏறிப் போச்சுங்க எல்லாத்துக்கும். எவ்வளவு வளர்ந்துட்டாங்க!

— லீவுல கொண்டு வரட்டும், மடிப்பை இறக்கி விடறேன். குடு, பிரிப்போம். பெரிய சார்ட்டா இருக்கே.

— போன மாசம் நடத்தின பட்டை வரைபடம்! கோடு பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு. இது ரப்பர் கையெழுத்து. ஏங்க, ஒரு இடத்துலகூட அழிச்ச தடமே இல்ல!

— மேல தலைப்பு, "ஆறாம் வகுப்பு, இந்த வருஷத்துத் தப்புகள்." மாசத்துக்கு ரெண்டு பட்டை. நீலம் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு.

— நீலம்னா என்ன?

— ஓரத்துல குறிப்பு இருக்கு, இரு. "நீலம்: டீச்சர் வேணும்னே போட்ட தப்பு. சிவப்பு: நிஜத் தப்பு."

— என்னது?

— "கண்டுபிடிக்கும் முறை: சின்னப் பறவை வந்தால் நீலம். பெரிய பறவை வந்தால் சிவப்பு."

— ஐயோ கடவுளே.

— முதல் மாசம் சிவப்பு பதினொண்ணு. அப்புறம் ஏழு, நாலு, ரெண்டு, ஒண்ணு. அதுக்கப்புறம் சிவப்புப் பட்டையே கிடையாது. மொத்தம் இருபத்தஞ்சு. என்கிட்ட ஒம்போதுன்னுதானே சொன்ன?

— அதை விடுங்க! எல்லாம் தெரிஞ்சிருக்கு! எப்பலேருந்துங்க? எப்பலேருந்து தெரியும் அவங்களுக்கு?

— கீழ கடைசியில பொடி எழுத்துல ஏதோ இருக்கு. கண்ணைத் துடைச்சிட்டு நீயே படியேன்.

— முடியல. நீங்களே படிங்க.

— "முதல் நாள், முதல் சிவப்பு. டீச்சர் கை நடுங்கி சாக்பீஸ் ஒடிஞ்சு விழுந்துச்சு. தப்பு பண்ணினா எவ்வளவு பயமா இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால நான் பின்னாடி திரும்பி, யாரும் சிரிக்காதீங்கன்னு உதட்டுல விரல் வச்சேன். அதுக்குத்தான் டீச்சர் என்னைத் திட்டினாங்க."